மெட்ராஸ் பார்க்க வந்த ஜோடிகள்

எழுபதுகளில் கும்பகோணத்தில் கல்யாணம் ஆன ஜோடிக்கு மெட்ராஸ் பார்ப்பது ஏறக்குறைய ஒரு சடங்கு. மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த பிறகு, “ரெண்டு நாள் போய் இருந்துட்டு வாங்களேன்” என்று பெரியவர்களே கிளப்பிவிடுவார்கள். மாம்பலத்திலோ பெரம்பூரிலோ ஒரு சித்தப்பா வீடு இருக்கும். பார்க்க வேண்டிய இடங்களும் முன்கூட்டியே முடிவானவை: எல்.ஐ.சி. கட்டிடம், ஜெமினி பாலம், உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சி சாலை, செத்த காலேஜ் என்ற மியூசியம், பாம்புப் பண்ணை, வள்ளுவர் கோட்டம், லைட் ஹவுஸ், கடைசியில் பீச். யார் போனாலும் இதுதான். வரிசை மட்டும் சித்தப்பாவின் டூட்டி நேரத்தைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும்.

இன்றும் அதே கும்பகோணத்திலிருந்து இளம் ஜோடிகள் சென்னைக்கு வருகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, சனிக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு, ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். எங்கே போவதென்று சொல்ல சித்தப்பா தேவையில்லை. போனிலேயே பட்டியல் போட்டாகிவிடுகிறது. மயிலாப்பூர் மாடவீதி, எழும்பூர் மியூசியத்து வெண்கலச் சிலைகள், சாந்தோம், கோட்டைக்குள்ளே இருக்கும் செயின்ட் மேரிஸ் சர்ச், மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ், திருவல்லிக்கேணி ரத்னா கபே, வடபழனி ஏவி.எம். மியூசியம், கடைசியில் பீச்.

இரண்டு பட்டியலிலும் இருப்பவை மியூசியமும் பீச்சும் மட்டும். மற்ற இடங்களின் வயசைப் பாருங்கள். அன்றைய ஜோடி பார்க்க ஆசைப்பட்டதில் பெரும்பகுதி புத்தம் புதுசு. இன்றைய ஜோடி தேடிப் போவது பழசு. ஐம்பது வருஷத்தில் ஊர் பார்க்கும் ஆசையே திசை மாறிவிட்டது.

பாலத்துக்கு வயசு ஐந்து

1978-இல் எழும்பூரில் வந்து இறங்கிய ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பார்க்கப்போகும் லைட் ஹவுஸ் வேலை செய்யத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வள்ளுவர் கோட்டம் 1976-இல் திறந்தது. ஜெமினி பாலம் 1973. பாம்புப் பண்ணை கிண்டிக்கு வந்தது 1972. இந்தக் கூட்டத்தில் எல்.ஐ.சி.தான் மூத்தது, அதுவும் 1959-இல் திறந்தது, இருபது வயசு நிரம்பவில்லை.

எல்.ஐ.சி.யின் கதையே சுவாரசியமானது. யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிவைத்த கட்டிடம் அது. 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது, கட்டிடத்தை எல்.ஐ.சி. கட்டி முடித்தது. திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் என்று பெயர். அந்தப் பட்டம் சில வருஷத்திலேயே வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, கீழேயிருந்து ஒவ்வொன்றாக 14 மாடியையும் எண்ணுவார்கள். ஒன்பது பத்தில் எண்ணிக்கை தப்பும். மறுபடி முதலிலிருந்து. கணவன் எண்ணியதும் மனைவி எண்ணியதும் ஒத்துப்போனால்தான் நகர்வார்கள். உள்ளே போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. வெளியே நின்று எண்ணியதற்கே ஊரில் பத்து நாள் பேச விஷயம் கிடைத்துவிடும்.

ஜெமினி பாலத்திலும் அப்படித்தான். எதையும் கடப்பதற்காக அவர்கள் அதில் ஏறவில்லை. மேலே போகும் பஸ் எது என்று விசாரித்து, ஏறி, இறங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டவர்கள் உண்டு. மாடி பஸ் கிடைத்துவிட்டால் இன்னும் விசேஷம். பாரிமுனைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய 18ஏ பஸ்ஸின் மேல்தட்டில் முன் சீட்டுக்கு நடக்கும் போட்டியில் குழந்தைகளை விடப் புது மாப்பிள்ளைகள்தான் முந்திக்கொள்வார்கள்.

பட்டியலில் வயசானவை என்றால் இரண்டு காலேஜ்கள்தான். மியூசியம் 1851-இல் பிறந்தது. மிருகக்காட்சி சாலை 1855-இல். ஆனால் பழசு என்பதற்காக யாரும் அங்கே போகவில்லை. உயிர் காலேஜில் சிங்கம் இருந்தது, புலி இருந்தது. சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே, மூர் மார்க்கெட்டை ஒட்டிய பூங்காவில் இருந்ததால் ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம். செத்த காலேஜில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருந்தது. சோழர் காலத்து நடராஜர் இருந்த அறையை விட்டு வேக வேகமாக வெளியேறி, எலும்புக்கூட்டுக்கு முன்னால் வாய் பிளந்து நிற்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கும்பகோணத்துக்காரருக்கு நடராஜர் தெருவுக்குத் தெரு இருந்தார், திமிங்கிலம் இல்லை.

ஊரில் இல்லாதது எது?

மெட்ராஸ் என்றால் அன்று ஊரில் இல்லாததெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது: லிஃப்ட், மேம்பாலம், மின்சார ரயில், ஏ.சி. தியேட்டர், தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீம். சினிமாவில் மட்டும் பார்த்ததைக் கண்ணால் பார்ப்பதுதான் பட்டணம் பார்ப்பது. வடபழனியில் ஏவி.எம்., வாஹினி ஸ்டூடியோ வாசல்களில் காலையிலிருந்து காத்துக் கிடந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரத்தின் கைக்குட்டை அசைந்தது தெரிந்தால் போதும், வந்த செலவு சரியாகிவிடும்.

இன்று அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. மால், எஸ்கலேட்டர், மல்டிபிளெக்ஸ் எல்லாம் மாவட்டத் தலைநகரங்களுக்கே வந்தாயிற்று. ஜெமினி பாலத்தைப் பார்க்க ஒரு காலத்தில் ரயிலேறிய மதுரைக்காரருக்கு, 2023-இல் நத்தம் சாலையில் 7.3 கி.மீ. நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறந்துவிட்டார்கள். சென்னை மாலில் இருக்கிற அதே கடைகள்தான் திருச்சியிலும். சென்னையின் புதுமையைப் பார்ப்பதற்காக மட்டும் இன்று யாரும் லீவு போட வேண்டியதில்லை.

புதுமை பரவிவிட்டது, பழமை அப்படிப் பரவாது. கோட்டையை இன்னொரு ஊரில் கட்ட முடியாது. கிழக்கிந்திய கம்பெனி 1639-இல் இடம் வாங்கி எழுப்பிய கோட்டைக்குள்ளே, 1680-இல் திறந்த செயின்ட் மேரிஸ் சர்ச் நிற்கிறது. அங்கே நடந்த முதல் கல்யாணம், பிற்பாடு கோட்டையின் கவர்னரான எலிஹு யேலுடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். ராபர்ட் கிளைவுக்கும் 1753-இல் அங்கேதான் கல்யாணம். இந்த மாதிரி விஷயங்களைப் படித்துவிட்டு, தலைமைச் செயலகத்துப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, சர்ச்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் இளம் தம்பதிகளை இன்று பார்க்கலாம். 1978 ஜோடியிடம் “கோட்டைக்குள்ளே சர்ச் பார்க்கலாமா” என்று யாராவது கேட்டிருந்தால், “அங்கே என்னங்க இருக்கு, ஆபீஸ்தானே?” என்றிருப்பார்கள்.

எரிந்த பிறகு வந்த பாசம்

பழசின் மேல் இந்தப் பாசம் தானாக வந்துவிடவில்லை. நிறைய இழந்த பிறகு வந்தது.

மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று தீப்பிடித்து எரிந்தது. பழைய புத்தகம், இசைத்தட்டு, கிளி, முயல், பொம்மை, பூட்டு, சாவி என்று எதைக் கேட்டாலும் கிடைத்த இடம். பத்து ரூபாய் சொன்னால் மூன்றுக்குக் கேட்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்து அனுப்புவார். ஜோடியின் முதல் கூட்டு வியாபாரமே அங்கேதான் நடக்கும். இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் புறப்படும் நிலையம் இருக்கிறது; மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது. அதே வருஷம் மிருகக்காட்சி சாலையும் வண்டலூரில் மக்களுக்குத் திறந்துவிட்டது. கம்பிக் கூண்டிலிருந்து காட்டுக்கு நடுவே போனது மிருகங்களுக்கு நல்லதுதான். ஆனால் நகரத்துக்கு நடுவே நடந்தே போய்ப் புலி பார்த்த காலம் அதோடு முடிந்தது.

மவுண்ட் ரோட்டில் பழைய ஸ்பென்சர் கட்டிடம் எரிந்து, தொண்ணூறுகளில் அதன் இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. வாஹினி ஸ்டூடியோ இருந்த மண்ணில் இன்று மால் இருக்கிறது. கதீட்ரல் ரோட்டில் 1962-லிருந்து நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடியது. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. சபையர் தியேட்டர் 1994-இல் போனது, சாந்தி 2016-இல்.

இதற்கிடையில் பத்திரிகையாளர் எஸ். முத்தையா 1981-லிருந்து இந்த நகரத்தின் பழைய கட்டிடங்களைப் பற்றிப் புத்தகம், பத்தி என்று எழுதிக்கொண்டே இருந்தார். 2004-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் தினமாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்களும் ஐ.டி. இளைஞர்களும் அதிகாலையில் கூடி, ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் பின்னால் போகும் நடைப் பயணங்கள் அப்போது பிரபலமாயின. இன்றைக்கு வெளியூர் ஜோடியின் போனில் வரும் பட்டியலுக்கு மூலம் பெரும்பாலும் அந்த நடைகள்தான். சித்தப்பா செய்த வேலையை இப்போது அவை செய்கின்றன.

சினிமா ஆசையும் இதே வழியில்தான் போயிருக்கிறது. ஷூட்டிங் பார்க்கக் காத்துக் கிடந்த ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் மியூசியம் திறந்தார்கள். பழைய கேமராக்களும் பழைய கார்களும் வரிசையாக நிற்கின்றன. அன்று வாசலில் தடுத்து நிறுத்திய இடத்துக்குள் இன்று டிக்கெட் வாங்கிப் போகலாம், நட்சத்திரம்தான் இல்லை.

மூன்றாவது ஆள்

அன்றைய ஊர் சுற்றலில் ஜோடி என்பது எப்போதும் மூன்று பேர். சித்தப்பாவின் மகனையோ மகளையோ ‘வழி காட்ட’ என்று கூடவே அனுப்புவார்கள். பத்து வயசுப் பையனாக இருந்தாலும் பட்டணத்துப் பையன். எந்த பஸ் எங்கே போகும் என்று அவனுக்குத்தான் தெரியும். ஊரில் கணவனுக்கு நாலு அடி பின்னால் நடந்த பெண், இங்கே தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில் பக்கத்தில் நடப்பாள். அதுவும் அந்தப் பையன் முன்னால் போகும்போது மட்டும்.

“ஏங்க, தம்பி எங்க போனான்? காணோமே!”

“சுண்டல் வாங்க அனுப்பியிருக்கேன். வரட்டும். மெதுவாவே வரட்டும்.”

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் தனியாக உட்கார நகரத்தில் கிடைத்த இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பீச் ஒன்று. சபையர் வளாகத்து ப்ளூ டயமண்ட் இன்னொன்று. அங்கே படம் இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஓடும். ஒரு டிக்கெட்டில் எப்போது வேண்டுமானாலும் போய், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். மே மாத மத்தியானத்தில் ஏ.சி.யில் உட்கார்ந்து ஆங்கிலப் படத்தைப் பாதியிலிருந்து முடிவு வரை, பிறகு ஆரம்பத்திலிருந்து பாதி வரை பார்த்த ஜோடிகள் எத்தனையோ. கதை புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா வீடு இல்லாதவர்களுக்கு லாட்ஜ். எழும்பூர், பெரியமேடு பக்கம் போனால் மானேஜர் முதலில் பார்ப்பது பெண்ணின் கழுத்தை, பிறகு கால் விரலை. தாலி, மெட்டி இரண்டும் இருந்தாலும் பேரேட்டில் எழுதும்போது நாலு கேள்வி கேட்பார். முன்னெச்சரிக்கையாகக் கல்யாணப் பத்திரிகையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இன்று இரண்டு பேருடைய ஆதாரையும் காட்டினால் பெரும்பாலும் சாவி கைக்கு வந்துவிடுகிறது. கல்யாணம் ஆகாத இருவர் ஒரு ஓட்டல் அறையில் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2019-இல் சொல்லிவிட்டது. கழுத்தைப் பார்க்கும் கண்கள் எல்லா இடத்திலும் மூடிவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் யார் பக்கம் என்பது தெரிந்துவிட்டது.

உறவினர் வீட்டில் தங்குவது குறைந்ததற்குக் கோபதாபம் காரணமில்லை. சித்தப்பா மகன் இப்போது பெரும்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறான். அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் கிடைப்பது அந்த ஒரு சனிக்கிழமைதான். “வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிட்டீங்களே” என்று போனில் குறைப்பட்டுக்கொள்வார்கள். “அடுத்த தடவை கண்டிப்பா” என்று இவர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் அது வசதி.

ஆக, கூட வந்த பையன் இல்லை, தடுப்பவர் இல்லை, நாள் முழுக்கத் தனிமை. அந்த இடத்தில் போன் வந்து உட்கார்ந்துகொண்டது. மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ஒரு சாயங்காலம் பத்து நிமிஷம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்:

“இன்னொரு தடவை திரும்பி நடந்து வா. கோபுரம் பாதி வெட்டிடுச்சு.”

“டேய், எனக்குப் பசிக்குது. கோபுரம் எங்கேயும் ஓடிடாது, மெஸ்ஸுல பொங்கல் தீர்ந்துடும்.”

மனைவி கணவனை ‘டேய்’ என்று கூப்பிடுவது, அவனுக்கு அது உறைக்காமல் இருப்பது, இந்த இரண்டுக்கும் நடுவே ஐம்பது வருஷம் ஓடியிருக்கிறது. ‘ஏங்க’ என்று கூப்பிட்டவள் பசியைச் சொல்லியிருக்க மாட்டாள். அவன் கேட்கும் வரை காத்திருப்பாள். பெரும்பாலும் அவன் கேட்க மாட்டான்.

படத்துக்கும் இதே கதை. அன்று மவுண்ட் ரோடு ஜி.கே. வேல் ஸ்டூடியோவில் நாற்காலியில் அவர், பக்கத்தில் நின்றபடி அவள் என்று ஒரு படம். பீச்சில் நடிகர்களின் கட்அவுட் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் ஆயுளுக்கும் கூடத்துச் சுவரில் தொங்கும். இன்று ஒரு நாளில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஆறேழு ஸ்டேட்டஸில் ஏறி 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. போதாக்குறைக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே ‘ப்ரீ வெட்டிங் ஷூட்’ வந்தாயிற்று. முன்பு கல்யாணம் ஆனால்தான் மெட்ராஸ் பார்க்கலாம். இப்போது மெட்ராஸில் படம் எடுத்த பிறகுதான் கல்யாணம்.

எங்கே இறங்குவது, எதில் போவது

கும்பகோணத்து ரயில் மீட்டர் கேஜில் இரவெல்லாம் ஓடி விடியலில் எழும்பூர் வந்து சேரும். பஸ்ஸில் வந்தால் பாரிமுனை. இரண்டுமே நகரத்தின் நடுமார்பு. கீழே காலை வைத்ததுமே பட்டணம் தொடங்கிவிடும். 2002-இல் வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் 30-இல் தென்மாவட்ட பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. ஒரு வேடிக்கை பாருங்கள்: உயிர் காலேஜை ஊருக்கு வெளியே வண்டலூருக்குக் கொண்டுபோய் நாற்பது வருஷம் ஆவதற்குள், பஸ் நிலையமும் அதன் பக்கத்துக்கே போய்விட்டது. இன்றைய ஜோடி முதலில் பார்க்க வேண்டியது மிருகக்காட்சி சாலைதான். ஆனால் அது அவர்கள் பட்டியலிலேயே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் போகும் வண்டியைத் தேடுகிறார்கள்.

உள்ளே வந்துவிட்டால் அலைச்சல் குறைவு. சித்தப்பா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பல்லவன் பஸ் நம்பர்கள் இப்போது தேவையில்லை, மேப் சொல்லிவிடும். 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ 2019-இல் மவுண்ட் ரோட்டுக்கு அடியில் வந்தது. எல்.ஐ.சி. என்றே ஒரு நிலையம். அண்ணாந்து பார்த்து மாடி எண்ணிய கட்டிடத்துக்கு அடியில் இறங்கி, இன்றைய ஜோடி மேலே திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போகிறது. பக்கத்தில் புகாரி ஓட்டலுக்கு வழி கேட்கிறார்கள். சிக்கன் 65 பிறந்த இடம் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள்.

மாநகர பஸ்ஸில் இன்னொரு மாற்றம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் காசு இல்லை. “ஒரு டிக்கெட்தான் சார், மேடத்துக்கு ஃப்ரீ” என்கிறார் கண்டக்டர். வேட்டி மடிப்பிலிருந்து சில்லறை எடுத்து இருவருக்கும் சேர்த்து வாங்குவதில் இருந்த ஆண்பிள்ளை ஜபர்தஸ்து அங்கே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சனிக்கிழமை செலவுக்குப் பாதிப் பணம் அவளுடைய சம்பளத்திலிருந்தும் வருவதால், எங்கே சாப்பிடுவது என்பதில் அவள் பேச்சு எடுபடுகிறது. ஊர் சுற்றும் வழியில் கோயில், கடை, சினிமா என்று பங்கு பிரிப்பது அன்று கணவன் கையில் இருந்தது. இன்று அது பேரத்தில் முடிவாகிறது. மூர் மார்க்கெட்டில் கடைக்காரரிடம் காட்டிய சாமர்த்தியம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

லைட் ஹவுஸ் ஒன்பதாவது மாடியிலிருந்து

போனில் வரும் பட்டியலில் இல்லாவிட்டாலும், பழைய பட்டியலில் இருந்து இன்றும் வரிசையில் நிற்க வைக்கும் இடம் லைட் ஹவுஸ். முக்கோண வடிவம், உள்ளே லிஃப்ட். எழுபதுகளில் அந்த லிஃப்ட்டுக்காகவே போனவர்கள் அதிகம். பிறகு பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல வருஷம் மூடியிருந்தார்கள். 2013 நவம்பரில் மறுபடி திறந்தது.

ஒன்பதாவது மாடியில் இறங்கி வெளிச்சுற்றில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். அன்று அவள் ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டாள். கணவனைப் பிடித்துக்கொள்ள அதைவிட நல்ல சாக்கு அந்த நாளில் வேறு கிடைத்திருக்காது. இன்று இரண்டு கையும் போனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, பறந்துவிடக் கூடாதே என்று. வடக்கே பார்த்தால் மெரினா சாலையும் பல்கலைக்கழகத்து செனட் மண்டபமும், அதற்கப்பால் துறைமுகத்துக் கிரேன்களும். தெற்கே சாந்தோம் கோபுரம் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அன்று மேற்கே பச்சையாகத் தெரிந்தது. இன்று மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். அன்றைய ஜோடி முதலில் தேடியது எல்.ஐ.சி.யை. இன்று அதைக் கட்டிடங்களுக்கு நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழே பீச்சில் நினைவிடங்கள் கூடியிருக்கின்றன. 1978 ஜோடிக்கு அண்ணா சமாதி ஒன்றுதான். 1987-க்குப் பிறகு வந்தவர்கள் எம்.ஜி.ஆர். சமாதியில் குனிந்து காதை வைத்து, உள்ளே கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்கள். கேட்டது என்று சத்தியம் செய்தவர்கள் ஏராளம். இப்போது ஜெயலலிதா, கருணாநிதி நினைவிடங்களும் சேர்ந்து, பீச்சுக்கு வந்தவர்களின் ஒரு மணி நேரத்தை வாங்கிக்கொள்கின்றன. மணலைக் கடந்து தண்ணீர் வரை போக முடியாதவர்களுக்காக 2022-இல் மரப்பாதை போட்டார்கள். வயசானவர்களைச் சக்கர நாற்காலியில் அலை வரை தள்ளிப் போவதைப் பார்க்கும்போது, இத்தனை மாற்றத்தில் இது ஒன்றாவது சந்தேகமில்லாமல் நல்லது என்று தோன்றுகிறது.

மற்றபடி சுண்டல் அதே சுண்டல். மிளகாய் பஜ்ஜி அதே காரம். புடவையோ ஜீன்ஸோ, முழங்கால் வரை நனைந்துவிட்டுப் “போதும் வா” என்று ஒருவர் இழுக்க, “இன்னும் ஒரே ஒரு அலை” என்று இன்னொருவர் கெஞ்சுவதும் அதேதான். ஊரில் இல்லாதது, ஊருக்கு வரவும் முடியாதது கடல். அதனால்தான் இரண்டு பட்டியலிலும் அது தப்பாமல் இருக்கிறது.

தாராசுரத்துக்கு டவுன் பஸ்

கூட்டிக் கழித்துப் பார்த்தால், அன்றைய ஜோடிக்கு வாய்த்த வியப்பு இன்றைய ஜோடிக்கு இல்லை. இன்றைய ஜோடிக்கு இருக்கும் சுதந்திரம் அன்றைய ஜோடிக்கு இல்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால், சுண்டல் வாங்கப் பையனை அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாத காலமே மேல் என்பேன். வியப்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். சுதந்திரத்தை அப்படிப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 1978 ஜோடிக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயசு. மகன் வீட்டுக்குச் சென்னை வரும்போது அவன் ஆசையாக மயிலாப்பூர் பழைய வீடுகளைக் காட்டக் கூட்டிப் போகிறான். “திண்ணை வெச்ச வீட்டைப் பார்க்கவாடா இவ்வளவு தூரம்? அந்தத் தரைக்கடியில ஓடற ரயில்ல ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன்” என்கிறாள் அம்மா. புதுசைப் பார்க்கும் ஆசை அவர்களுக்கு இன்னும் தீரவில்லை. அவர்களுக்குத் திண்ணை என்பது காட்சி இல்லை, பெருக்கி மெழுகிய இடம்.

எழும்பூர் மியூசியத்து வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் இன்று இளைஞர்கள் அசையாமல் நிற்கிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு சோழர் பற்றிய ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. பெற்றோர் ஓடிக் கடந்த அறையில் பிள்ளைகள் நின்று பார்ப்பது நல்ல மாற்றம். ஆனால் கூடத்தில் இருக்கும் சிலைகள் பல எங்கிருந்து வந்தன என்று அடியில் எழுதியிருப்பதையும் கொஞ்சம் படிக்க வேண்டும்: நாகப்பட்டினம், தஞ்சாவூர் வட்டாரம் என்று இவர்கள் வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு வந்த மண்ணே அங்கே திரும்பத் திரும்ப வரும். கும்பகோணத்துக்கு நாலு கி.மீ. தள்ளி தாராசுரத்தில், யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுச் சின்னமாக்கிய ஐராவதேசுவரர் கோயில் இருக்கிறது. கல்லில் இத்தனை நுணுக்கமா என்று கேட்க வைக்கும் சிற்பங்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, ஒரு தடவை கூட நின்று பார்க்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். மெட்ராஸ் போய்ப் பழசைப் பார்க்கப் பழகிய கண் ஊருக்குத் திரும்பியதும் மூடிக்கொள்ளக் கூடாது. அடுத்த சனிக்கிழமைக்கு லீவும் வேண்டாம், ஓட்டல் ரூமும் வேண்டாம். டவுன் பஸ் போதும். மேடத்துக்கு அதிலும் டிக்கெட் இல்லை.